சுள்ளியின் மூன்றாம் உருவம்

கோப்பி கொட்டியது உண்மையிலேயே தவறுதலாகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் தவறுதலாக நடந்தது என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்க்க றோஸ்மேரி என்று ஒருவர் இருக்கிறார் என்றீர்கள். நன்றி. தங்கச்சி றோஸ்மேரிக்கு ஒரு வேண்டுகோள். இடையிடையே பகிடி விடுவேன். அது என் பழக்கம். பகிடியைப் பகிடியாகவே பிரெஞ்சில் போடுங்கள். வெட்டிவிட்டால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் மாதிரித் தெரிவேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வீட்டுக்குள் சிலந்தி வந்தால்கூடக் கடதாசியில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விடுகிறவன். ஜனவரியில் வெளியே விட்டால் அது உறைந்து செத்துப்போகும் என்று மனைவி சொன்ன பிறகு கராஜில் விடுகிறேன்.

என் பெயர் வசீகரன். கவர்ச்சியானவன் என்று பொருள். பிள்ளையைப் பார்க்குமுன்பே பெயரை முடிவுசெய்துவிட்டார்கள், பார்த்த பிறகு மாற்றுவதற்கு வெட்கப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் மனைவி கஜந்தினியோடும் மகள் ஆர்த்திகாவோடும் இருக்கிறேன். என் வேலை, ஒரு வீடியோ கேமுக்கு விசித்திரப் பிராணிகள் வரைவது. விளையாடுகிற பிள்ளை ஊரூராகத் திரிந்து இந்தப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மற்றவர்களுடைய பிராணிகளோடு மோதவிடும். வளர வளர ஒவ்வொரு பிராணியும் இரண்டு தடவை உருமாறும். குட்டி, நடு, கடைசி என்று மூன்று உருவம்.

ஆட்டம் தொடங்கும்போது பிள்ளையின் முன்னால் மூன்று குட்டிகளை வைப்போம். ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததை அந்தப் பிள்ளை கிழவனான பிறகும் மறக்காது. பொம்மையாகவும் சட்டையாகவும் பிறந்தநாள் கேக்காகவும் வருவது அந்த மூன்றும்தான். இரண்டு இடம் நிரம்பிவிட்டது. மூன்றாவது காலியாக இருந்தது. பல வருடங்களாக நான் வரைந்தவையெல்லாம் புல்லுக்குள் ஒரு தடவை வந்துபோகிற, யாரும் பிடிக்க விரும்பாத பிராணிகள். மூன்றாவது இடம் எனக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு என்னை வைத்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் காரணம் அதுவல்ல. இங்கே உள்ள நீங்கள் எல்லோரும் அதைத்தான் காரணம் என்று எழுதிக்கொள்வீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நல்ல பிராணியை எப்படி அறிவது? எங்கள் இடத்தில் ஒரு வழி உண்டு. படத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிவிடுவோம். கண், நிறம், வரி எதுவும் தெரியாது, வெளிக்கோடு மட்டும். அதை நடைபாதைச் சுவரில் ஒட்டிவிடுவோம். போகிறவர் வருகிறவர் பார்த்தவுடன் அது இன்னதென்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பிராணி சரியில்லை. என்னுடையவற்றுக்குக் கொம்பு அதிகம். சிறகும் இருக்கும். கவசமும் இருக்கும். ஒன்றுக்கு முதுகில் ஒரு சிறு கோட்டையே கட்டியிருந்தேன். கறுப்பாக்கிச் சுவரில் ஒட்டியபோது கூட வேலைசெய்கிற அன்டன் சொன்னான்: "மச்சான், புயலடிச்ச முருங்கை மாதிரி நிக்குது. உதுக்குப் பிராணி எண்டா, இல்லாட்டி விறகுக் கட்டு எண்டா பேர் வைக்கிறது?"

எங்கள் இயக்குநர் செலீன் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார். நின்று பார்ப்பார். தலையை ஆட்டுவார். "பா பீர்" என்பார். இந்த ஊர்ப் பிரெஞ்சில் மோசமில்லை என்று அர்த்தம். மொன்றியலில் சூப்புக்கும் அதுதான், சத்திர சிகிச்சைக்கும் அதுதான். அது பாராட்டா நிராகரிப்பா என்று இத்தனை வருடத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசையூர் என்கிற கடற்கரை ஊர்க்காரன். எங்கள் விளையாட்டின் ஒலிக்காரன். பிராணிகளின் சத்தமெல்லாம் அவன் தொண்டையிலிருந்து வருவதுதான். கோட்டுகள் தொங்குகிற அலுமாரிக்குள் மைக்கோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உறுமுவான், கொஞ்சுவான், கத்துவான். வெளியே நின்று கேட்டால் உள்ளே ஒரு மிருகக்காட்சிசாலை எரிவது போலிருக்கும். இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அவன்தான் நண்பன். என் மகளுக்கு அவன் மாமா. அவனுக்குக் குடும்பம் என்று இங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

கோப்பி விஷயத்துக்கு வருகிறேன். வேலையிடத்துச் சமையலறையில் நின்று நான் அன்டனுக்கு ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன். கையை வீசாமல் எனக்குப் பகிடி வராது. கையில் கோப்பி இருந்தது மறந்துபோய்விட்டது. கொதிக்கக் கொதிக்க அவனுடைய வலக்கையில் போய் விழுந்தது. அன்டன் கத்தினான். கையைக் கக்கத்துக்குள் செருகினான், ஒரு காலைத் தூக்கினான், தோள் காதுவரை ஏறியது, பெரிய உடம்பு பாதியாகச் சுருங்கியது.

"ஐயோ மச்சான், சொறி," என்று மன்னிப்புக் கேட்டது என் வாய். மனதுக்குள் சொன்னது வேறு. அப்படியே நில் என்று சொன்னேன்.

அத்தனை வருடத்தில் நான் பார்த்த மிக அழகான வெளிக்கோடு அது. ஒரு கொம்பும் இல்லை. கறுப்பால் நிரப்பினாலும் குருடனுக்கும் புரியும். அவன் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்க, நான் கடதாசித் துவாலை ஒன்றில் வரைந்துகொண்டேன். கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற சின்னப் பிராணி. சுள்ளென்று சுட்டது என்பதால் சுள்ளி என்று பெயர் வைத்தேன். சுவரில் ஒட்டினோம். போனவர்கள் எல்லோரும் "கை சுட்டது" என்றார்கள். செலீன் நின்றார். பா பீர் சொல்லவில்லை. "இது வளர்ந்தால் என்னவாகும்?" என்று கேட்டார். என்னுடைய ஒரு பிராணியைப் பற்றி அவர் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர் போட்டி என்று அன்று மாலையே சொன்னார்கள். ஒன்று சுள்ளி. மற்றது அன்டனுடையது.

ஆமாம், அன்டனுடையது. அவனுக்கு வரையத் தெரியாது. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக்குக் காசு கொடுக்க வரிசையில் நின்றபோது கடதாசிப் பையில் கிறுக்கியது. இந்த நகரத்தில் பனி கொட்டுகிற மாரிகாலத்தில் யாராவது கையுறையை விழுத்திவிட்டுப் போனால், கண்டெடுத்தவர் அதை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். தொலைத்தவர் திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று. வீதி நெடுகலும் இப்படி ஒற்றைக் கையுறைகள் கையாட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அன்டன் இரண்டு கண் வைத்தான். இரண்டும் ஒரே அளவுகூட இல்லை.

"உது என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"ஆரும் வருவினம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கும். வந்தால் விரலைப் பிடிக்கும்."

"பேந்து?"

"பேந்து விடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அதற்கு வேறு உருவம் யோசிக்கவில்லை, பெயர்கூட வைக்கவில்லை, எல்லோரும் கையுறை என்றே சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். மனம்விட்டுச் சிரித்தேன் என்றுதான் நினைவு.

சுவர்ச் சோதனைக்குப் பிறகு பிள்ளைகள் சோதனை. பிராணிகளை அட்டையில் வெட்டி மேசையில் பரப்பி வைப்போம். பிள்ளைகள் வந்து ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். எது மேசையில் மிஞ்சாமல் போகிறதோ அதுதான் நல்லது. வாயால் சொல்வதை நம்பக்கூடாது, கையைப் பார்க்க வேண்டும். இது எங்கள் தொழிலில் பழைய விதி. நானே பிள்ளைகளைக் கொண்டுவருகிறேன் என்று முன்வந்தேன். பார்க்-எக்ஸ்டென்சனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இருக்கிறது. என் மகளும் அங்கே படிக்கிறாள். கணேசலிங்கம் மாஸ்டர் சந்தோசமாகச் சம்மதித்தார். பிள்ளைகளை வரிசையில் விட்டுவிட்டுப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா கஷ்டப்பட்டுக் கீறின படங்கள். வடிவாப் பாத்து மரியாதையாச் சொல்லுங்கோ, என்ன?"

"வடிவாயிருக்கு மாமா," என்று அழகைப் புகழ்ந்தது முதல் பிள்ளை. சுள்ளியை எடுத்தது. "நல்ல வடிவு மாமா," என்றது அடுத்தது. சுள்ளியை எடுத்தது. ஆர்த்திகாவும் வந்தாள். "வடிவு அப்பா." அவளும் எடுத்தாள். மேசையில் கையுறைகள் மட்டும் கிடந்தன. நான் அந்த வெற்றியைச் செலீனிடம் கொண்டுபோய் வைத்தேன். பெரிதாகக் கொண்டாடாமல், அடக்கமாக. அந்த அடக்கத்தைக் கண்ணாடியில் கொஞ்சம் பழகிவிட்டுத்தான் போனேன்.

அன்டன் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "டேய் வசி, உதுகள் மாஸ்டருக்குப் பயந்து உன்னையே தூக்கிக்கொண்டு வீட்ட போயிருக்குங்கள்."

"அப்ப நீ சொல்லு. எது நல்லது, என்ரயா, உன்ரயா? உண்மையாச் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். தோளில் தட்டினான். "பேந்து கதைப்பம் மச்சான்."

எங்கள் ஆட்களிடம் இதுதான் கரைச்சல். இந்த ஊர்க்காரர் பா பீர் என்பார்கள், நாங்கள் பேந்து கதைப்பம், பிறகு பேசலாம், என்போம். வீட்டில் கஜந்தினியிடம் படத்தைக் காட்டினால், "நல்லா இருக்கு, ஆறமுதல் சாப்பிடுங்கோ," என்பாள். ஒரு மனிதன் நேரான பதில் ஒன்றைக் கேட்டு எத்தனை வாசலில்தான் நிற்பது?

இரண்டாவது உருவம் எனக்கு வரவில்லை. பல வாரங்கள் முயன்றேன். சுள்ளி வளர்ந்தால் அதன் வலியும் வளர வேண்டும், அதுவரை தெரிந்தது. வலி வளர்ந்தால் உடம்பு என்ன வடிவம் எடுக்கும் என்று தெரியவில்லை. நேர்மையான மனிதன் என்பதால் முதலில் என்னிடமே சோதித்துப் பார்த்தேன். கண்ணாடியை முன்னால் வைத்துவிட்டு மேசை லாச்சிக்குள் விரலை வைத்துச் சாத்தினேன். பிரயோசனம் இல்லை. வலிக்கும்போது நான் கண்ணை மூடிவிடுகிறேன். நகம் கறுத்ததுதான் மிச்சம். அன்டனிடம் கோப்பி கொட்டியபோது நின்ற மாதிரி இன்னொரு தடவை நின்று காட்டச் சொன்னேன். நின்றான், பாவம், கத்தியும் காட்டினான். ஆனால் சிரித்துக்கொண்டு கத்தினான். நடிப்பில் தோள் காதுவரை ஏறாது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், நீங்கள் பலரைப் பார்த்திருப்பீர்கள்.

அன்டன் குடியிருந்தது இரண்டாம் மாடியில். இங்குள்ள பழைய வீடுகளில் படிக்கட்டு வெளியேதான், வளைந்து இறங்குகிற இரும்புப் படி. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் தேவாலயத்துக்குப் பூசைக்குப் புறப்படுமுன் போய், மேல்படிகளில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் குளிரில் நான் மூடியைத் திருகி முடிக்குமுன் அது கண்ணாடியாகிவிட்டது. இந்த நகரத்தில் விழுந்தவுடன் உறைகிற மழையே இதைச் செய்யும். நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். பிறகு எதிர்ப்பக்கத்தில் டெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் போய் ஜன்னலோரம் நின்று படக்கொப்பியை விரித்தேன். சும்மா நிற்கக்கூடாது என்று கடைக்காரரிடம் ஒரு சூயிங்கம் வாங்கினேன்.

அவன் நல்ல சூட் போட்டிருந்தான். முதல் படியிலேயே கால் போனது. விழுந்துகொண்டு வந்தவனின் இடது கால் இரும்புப் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டது. கால் அங்கே நின்றுவிட்டது, உடம்பு தொடர்ந்து வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எதிர்பார்த்ததைவிட வெள்ளையாக இருந்தது. முகம் கம்பியில் அடிபட்டு உதடு இரண்டாகப் பிளந்தது. அவன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒரு கையால் காலை எட்டிப் பிடிக்க முயன்றான், எட்டவில்லை, மறுபடி முயன்றான். அந்த முயற்சிதான் எனக்கு வேண்டியிருந்தது. முக்கியமான கோடுகளை மட்டும் போட்டுக்கொண்டு ஓடினேன்.

முதலில் ஓடிப்போனது நான்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அம்புலன்சைக் கூப்பிட்டதும் நான்தான். என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். நல்ல கோட்டு. இரத்தம் பிறகு போகவேயில்லை, அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

அப்படித்தான் சுள்ளன் வந்தான். பின்னுக்கு மடிந்த காலும், அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிற நீண்ட கையும். சுவரில் ஒட்டியபோது நடைபாதையில் கதைத்துக்கொண்டு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். செலீன் "ஓ" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் சூப் கொண்டுபோனேன். நானே வைத்தேன். அன்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அந்த நேரம் வந்திராட்டி நான் உறைஞ்சு செத்திருப்பன் மச்சான்," என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது நடிப்பு இல்லை. நான் எளிதில் கலங்குகிற ஆள், கஜந்தினியைக் கேட்டுப் பாருங்கள். படுக்கையில் கிடந்துகொண்டே அவன் கையுறைக்கு ஒரு சத்தம் செய்து அனுப்பினான். விரலைப் பிடித்தவுடன் அது போடுகிற சத்தம். பாலைக் குடித்துவிட்டு நித்திரைக்குப் போகிற குழந்தை மாதிரி. வேலையிடத்தில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். என்னையும் கேட்கச் சொன்னார்கள். நன்றாயிருக்கிறது என்றேன்.

வசந்தத்தில் முடிவு சொல்வதாகச் செலீன் அறிவித்தார். எனக்கு மூன்றாம் உருவம் வேண்டும்.

கடைசி உருவம் என்பது சின்ன விஷயம் இல்லை. குட்டி நோகும், நடுவில் உள்ளது விழும், கடைசியில் வருவது திருப்பி அடிக்க வேண்டும். உயிர் போகிற நேரத்தில் ஒரு உடம்பு தன் முழுப் பலத்தையும் வெளியே கொண்டுவருமே, அந்த வடிவம். இதைக் கற்பனையில் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லும் நகமும் போட்டு நிரப்புவார்கள். நானே அப்படித்தான் இருந்தேன், முதுகில் கோட்டை கட்டினவன்தானே. ஆனால் இப்போது நான் திருந்திய கலைஞன்.

மார்ச் மாதத்தில் ஆற்றின் பனிக்கட்டி உடையத் தொடங்கும். துறைமுகத்துக்குக் கிழக்கே கரையோரம் ஓர் இடம் இருக்கிறது. கொள்கலன் கப்பல் போனால் அலை வந்து பனிப்பாளங்களைத் தூக்கும், ஒன்றோடொன்று உரசி முனகும். பெரிய பிராணிகளுக்கு அந்த முனகலைச் சேர்க்க வேண்டும் என்று அன்டன் பல நாள் ஆசைப்பட்டான். காலில் இன்னும் மாவுக்கட்டு. ஊன்றுகோல் இரண்டு. "நான் கொண்டுபோறன்," என்றேன். மத்தியான வெயில் நன்றாக இருந்தது. வழியில் பழைய பாட்டுகள் போட்டுச் சேர்ந்து பாடினோம். அவனுக்குக் குரல், எனக்கு ஸ்டியரிங்கில் தாளம்.

ஒலிப்பதிவுக் கருவியைக் கரைக் கல்லில் வைத்துவிட்டு, நீளத் தடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றான். அவனுடைய ஊன்றுகோல் ஒன்றை நான் பிடித்திருந்தேன். கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் கடைசித் தடவையாகக் கேட்டேன்.

"அன்டன், உண்மையாச் சொல்லு. மூண்டாவது இடம் ஆருக்கு வரவேணும்?"

"இப்ப கதையாத மச்சான், மைக் ஓடுது. பேந்து கதைப்பம்."

ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முதுகில் தள்ளினேன்.

பாசையூர்க்காரன், நடக்கமுதல் நீந்தப் பழகியவன் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். நீந்துவான் என்றுதான் நினைத்தேன். மாவுக்கட்டு தண்ணீரை இவ்வளவு குடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கீழே போனான், மேலே வந்தான், பாளத்தின் விளிம்பில் முழங்கையைப் போட்டான். "வசி, கையைத் தா," என்றான். நான் ஊன்றுகோலை நீட்டினேன். பிடித்தான். பாதி ஏறிவிட்டான். அப்படியே ஏறிவிட்டால் அது வெறும் ஏறுகிற வடிவம், திருப்பி அடிக்கிற வடிவம் இல்லை. ஆகவே ஊன்றுகோலைப் பறித்து அவன் விரல்களில் அடித்தேன். பிறகு நெற்றியில். நெற்றி திறந்து இரத்தம் முகத்தில் இறங்கியது, குளிரில் ஆவி பறந்தது. இன்னும் ஏறினான். மறுபடி அடித்தேன். அவன் என் கணுக்காலைப் பிடித்தான்.

அப்போது வந்தது மூன்றாம் உருவம். ஒரு தோளில் பனிப்பாளம், மற்றத் தோள் தண்ணீருக்கு மேலே வீங்கி நிற்க, உடைந்த விரல்களால் என்னை இழுத்தான். அந்தப் பலம் அவனிடம் இருந்தது எனக்குத் தெரியாது. என்னை விழுத்தியே விட்டான். மற்றக் காலால் அவன் கையை மிதித்தேன். கோப்பியில் சுட்ட கை. எலும்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. அவன் வாய் பாளத்தின் விளிம்பில் அடிபட்டுப் பல் பனியில் சிதறியது. கப்பலின் அலை அப்போதுதான் வந்து சேர்ந்தது. பாளங்கள் விலகின, அவன் இடையில் போனான், பாளங்கள் மூடிக்கொண்டன. ஒரு கை மட்டும் கொஞ்சநேரம் வெளியே நின்றது.

அன்டனைக் கொன்றது நான். ஊன்றுகோல் வழுக்கி விழுந்துவிட்டான் என்று அன்று உங்கள் பொலிஸ் ஆட்களிடம் சொன்னது பொய். அவர்கள் எனக்குப் போர்வை தந்தார்கள். நான் அழுதேன். அழுதது பொய் இல்லை. அவர்கள் வருமுன் வரைந்துவிட்டேன். பேனா குளிரில் எழுதாது, நல்லவேளையாகப் பென்சில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. கல்லில் வைத்த கருவி ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் பேசியதையெல்லாம் வெட்டிவிட்டு அந்தக் கத்தலை மட்டும் எடுத்து, குரலைத் தடிப்பாக்கி, மூன்றாம் உருவத்துக்குக் கொடுத்தேன். சுள்ளாசுரன் என்று பெயர். செலீனும் மற்றவர்களும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்கள். எங்கே கிடைத்தது என்று செலீன் கேட்டார். அன்டனுடைய கடைசிப் பதிவு என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். வெட்டாத பதிவு என் கணினியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. இம்முறை பிள்ளைகளைச் செலீன் பிடித்தார். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகள், என்னை மாமா என்று கூப்பிடாதவர்கள். பின்னால் ஆசிரியர் யாரும் நிற்கவில்லை. ஒருபக்கம் சுள்ளி, சுள்ளன், சுள்ளாசுரன். மறுபக்கம் கையுறை. நான் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தேன். பிள்ளைகள் என்னுடையவற்றுக்கு முன்னால் நின்றார்கள். கொஞ்சநேரம் பார்த்தார்கள். பிறகு கையுறையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி இரண்டு எடுத்தாள், ஒன்றைத் திருப்பி வைக்கச் சொன்னபோது அழுதாள். கையுறை முடிந்த பிறகு வந்தவன் வெறுங்கையோடு போனான். மேசை நிறைய என்னுடையவை அப்படியே கிடந்தன. செலீன் என் தோளில் கை வைத்து, "பா பீர்," என்றார். மூன்றாவது இடம் அன்டனுக்குப் போனது. அவனுடைய பெயரை முகப்பிலும் போடப்போகிறார்களாம்.

நான் கோபப்படவில்லை. மிஞ்சியதையெல்லாம் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எனக்குக் காரணம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது. ஒன்று பதிவாகட்டும். நான் அவனை வெறுத்துச் செய்யவில்லை. அவன்மேல் எனக்கு இருந்த பிரியம் ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. வரைந்தவனின் அன்பு பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போகாது என்றுதான் கடைசிவரை நம்பினேன்.

யாரும் சந்தேகப்படாதபோது இன்று நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்றுக் காலை சமையலறை மேசையில் ஆர்த்திகா சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்டன் மாமாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. நான் மூன்று அட்டைகளையும் அவள் முன்னால் வைத்தேன்.

"எப்பிடி இருக்கு பிள்ளை?"

"வடிவு அப்பா," என்றாள், நிமிர்ந்து பார்க்காமலே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழில் நான் அவளுக்கு அப்பா. தமிழில் பெரியவர்கள் எதைக் காட்டினாலும் வடிவு என்று சொல்லத்தான் நாங்கள் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடமும் வீட்டிலும் நான் கேட்டதெல்லாம் அந்த மொழியில்தான். பிரெஞ்சில் நான் யாருமில்லை. வினைச்சொல்லைப் பிழையாகப் போட்டு அவளிடம் திருத்தம் வாங்குகிற ஒரு மனிதன், அவ்வளவுதான். ஆகவே என் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டேன். ஏன் ஒரு பிள்ளையும் இதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை?

அவள் கரண்டியை வைத்தாள். வழக்கம்போல என் பிழையைத் திருத்தவில்லை. மூன்றையும் வரிசையாக அடுக்கிக் கவனமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றின் கண்ணிலும் விரலை வைத்து, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அங்கிருந்து காற்றில் ஒரு கோடு இழுத்தாள். மூன்று கோடும் என் நெஞ்சில் வந்து முடிந்தன. பிறகு பிரெஞ்சில் சொன்னாள். எங்கள் தமிழில் தருகிறேன்.

"ஆரப்பா கொண்டுபோவினம்? இதுகள் மூண்டும் ஒரே ஆளைப் பாத்துத்தான் பயப்பிடுது."

"ஆரை?" என்று கேட்டேன்.

"கீறின ஆளை," என்றாள்.